அனுப்பும் முன் நாலு முகம்

பூமிகா என்ன வேலை பார்க்கிறாள் என்று அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது. அவள் அம்மா பூவம்மாளைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல பட்டன் வெக்கிறா" என்பாள். ஒருநாள் எதிர்வீட்டுக் கோவிந்தம்மா, "அந்த வேலை தையக் கடையிலயே கீதே, அதுக்கு எதுக்குடி காலேஜு?" என்று கேட்டுவிட்டாள். பூவம்மாளுக்கு வந்ததே கோபம்! ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆனால் பூவம்மாள் சொன்னதில் தப்பே கிடையாது. செல்போன் திரையில் எந்தப் பட்டனை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது, தொட்டால் என்ன கேட்பது, இதுதான் பூமிகாவின் வேலை. பூச்சி கடிக்கிற அளவுக்குக்கூட யாருக்கும் கெடுதல் செய்யாத வேலை மாதிரி இருக்கிறது, இல்லையா? இருங்கள், சொல்கிறேன்.

ஊர் கவரைப்பேட்டைக்கு மேற்கே. அப்பா ஆதிநாராயணனுக்கு ஒன்றரை ஏக்கர் நெல்லு. அந்தத் தெருவில் கம்ப்யூட்டர் படித்த முதல் பெண் பூமிகாதான். அதனால் அவள் வந்தால் நாற்காலி வரும். அவளைவிட இருபது வயது பெரியவர்கள்கூட லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு பேசுவார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

திருநின்றவூரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் ஐந்து மேஜை போட்ட ஆபீஸ். முதலாளி வசந்தகுமார். பூமிகா அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வருவாள். அந்த ஆபீஸ் செய்தது ஒரே ஒரு ஆப். பேர் 'நம்ம ஸ்டாப்'.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றிப் போகச் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் கான்ட்ராக்ட் பஸ் ஓடுகிறது. அந்தப் பஸ் எப்போது வரும், வந்துவிட்டுப் போய்விட்டதா, நிற்குமா நிற்காதா, இதிலேயே பாதிப் பேருக்கு ஆயுசு போய்விடும். 'நம்ம ஸ்டாப்'பில், முந்தின ஸ்டாப்பில் நிற்கிறவர் 'வண்டி வந்துடுச்சு' என்ற பட்டனை அமுக்குவார். அடுத்த ஸ்டாப்பில் இருப்பவர்கள் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார்கள். நல்ல காரியம்தான், சும்மா சொல்லக் கூடாது. பேர், போட்டோ, ஊர், தெரு எல்லாம் கொடுத்துச் சேர வேண்டும். பதினெட்டாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

அதற்குள்ளேயே 'பேச்சு' என்று ஒரு பகுதி. ரூம் வாடகைக்கு, வேலை காலி, தொலைந்துபோன டிபன் பாக்ஸ், எல்லாம் அங்கே வரும். 'புகார்' என்று தனியாக ஒரு மூலை. அங்கேதான் பேஜாரு. பஸ்ஸில் சீட் கிழிந்திருக்கிறது, டிரைவர் போனில் பேசிக்கொண்டே ஓட்டுகிறார், கேன்டீன் சாம்பாரில் பல்லி என்று ஒரு நாளைக்கு அறுபது வரும். கூடவே அம்மா, அக்கா என்று கெட்ட வார்த்தையும் வரும். ஒரு தெருக்காரன் இன்னொரு தெருக்காரனை இழுத்து நாறடிப்பான். பஸ் ஓட்டுகிற கான்ட்ராக்டர்கள்தான் ஆப்பில் விளம்பரம் கொடுப்பவர்கள். அவர்கள் வசந்தகுமாரைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்கள்.

வசந்தகுமார் பூமிகாவைக் கூப்பிட்டார். "எதையும் அழிக்கக் கூடாதும்மா. அழிச்சா கத்துவாங்க. யாரையும் தடுக்கவும் கூடாது. அவங்களே எழுதாம உட்டுட்டுப் போயிடணும். நீ அழகா எதுனா யோசி" என்றார்.

பூமிகா யோசித்தாள். அவளுக்கு ஞாபகம் வந்தது அம்மாவும் ரேஷன் கடையும். பூவம்மாள் வீட்டில் புலி. ஆனால் ரேஷன் கடையில் எடை குறைந்தால் வாயைத் திறக்க மாட்டாள். திறக்கப் போவாள், ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். பின்னால் வரிசையில் அதே தெரு ஆட்கள் நாலு பேர் நிற்பார்கள். அவ்வளவுதான், பையைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவாள். ஏழு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்தவள் பூமிகா. அப்போது அவளுக்கு அழுகை வந்தது. இருபத்தாறு வயதில் அதே காட்சி அவளுக்கு ஐடியாவாக வந்தது. த்தூ!

அவள் செய்தது இவ்வளவுதான். 'புகார்' மூலையில் எழுதிவிட்டு 'அனுப்பு' என்று அமுக்கினால் உடனே போகாது. ஒரு சின்னத் திரை வரும். 'உங்கள் தெருவில் இவர்களும் இதைப் பார்ப்பார்கள்' என்று எழுதி, கீழே வட்ட வட்டமாக நாலு போட்டோ. அதற்குக் கீழே இரண்டு பட்டன். 'அனுப்பு', 'அப்புறம் பார்க்கலாம்'. இரண்டும் ஒரே அளவு, ஒரே பச்சை. ஒரு பொய் கிடையாது, ஒரு தடை கிடையாது. கோர்ட்டில் நிறுத்தினாலும் குற்றம் சொல்ல முடியாது.

"ஏம்மா நாலு? அஞ்சு வெச்சா ஆகாதா?" என்று கேட்டார் வசந்தகுமார்.

"நாலு பேர் இன்னா சொல்லுவாங்கன்னுதானே சார் நம்ம ஆளுங்க சாவறாங்க? அதான் நாலு" என்றாள் பூமிகா. வசந்தகுமார் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

முதல் வாரம் கெட்ட வார்த்தை நின்றது. தெருச் சண்டை நின்றது. பூமிகா நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், அதை மறுக்க மாட்டேன். இரண்டாம் வாரம் கிழிந்த சீட்டு நின்றது. மூன்றாம் வாரம் பல்லி நின்றது. பல்லி சாம்பாரில் விழுவதை நிறுத்தவில்லை, ஆப்பில் வருவதை நிறுத்தியது. ஒரு நாளைக்கு அறுபது புகார் இருந்த இடத்தில் நாலு.

அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். அவள் திரையில் தினமும் காலையில் இரண்டு எண் வரும். எழுத ஆரம்பித்தவர்கள் இத்தனை, அனுப்பியவர்கள் இத்தனை. எழுத ஆரம்பிப்பவர்கள் குறையவே இல்லை. நடுவில் அத்தனை பேர் எங்கேயோ விழுந்துகொண்டிருந்தார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் பூமிகா அந்த இடைவெளிக்கு 'சுயதிருத்தம்' என்று பேர் வைத்தாள். கைதட்டினார்கள். வசந்தகுமார் கேக் வாங்கி வெட்டச் சொன்னார். அப்போது எடுத்த போட்டோவில் பூமிகா அவ்வளவு அழகாகச் சிரித்திருந்தாள். அதையே ஆப்பில் தன் படமாக வைத்துக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? இல்லை. முதலில் அந்த வட்டங்களில் தெருவில் ஏதோ நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். அதை மாற்றி, தெருவிலேயே யார் ஆப்பை அதிகமாகத் திறக்கிறார்களோ அந்த நாலு பேரை வரச்செய்தாள். வட்டத்தையும் கொஞ்சம் பெரிதாக்கினாள். போட்டோவில் கண் தெரிய வேண்டும் அல்லவா?

ஒரு புதன்கிழமை மத்தியானம் பூவம்மாள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "நம்ம திலகவதி பஸ்ல இருந்து வுழுந்துட்டாடி. ரெண்டு மணி ஷிப்டுக்குப் போகசொல்ல. சிப்காட் வளைவுல திரும்பும்போது பின்கதவு தொறந்துக்கிச்சாம். தொடை எலும்பு ரெண்டு எடத்துல ஒடஞ்சிபோச்சு."

திலகவதி மூன்றாவது வீடு. பேக்கிங் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. புருஷன் தேசப்பன் லோடு ஏற்றப் போகிறவர். நிற்க முடியாதவளுக்கு அந்தக் கம்பெனியில் இடமில்லை என்பது பூமிகாவுக்கும் தெரியும்.

"எப்பிடிம்மா தொறந்துக்கும்?"

"எப்பிடியா? ஒரு மாசமா அந்தப் பதினாலாம் நெம்பர் வண்டி கதவுக்குத் தாப்பாளே இல்லியாம். கொடிக்கவுறு போட்டுக் கட்டி வெச்சிக்கினு ஓட்டிக்கினு கீறானுங்க."

பூமிகாவின் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "ஆப்புல யாருமே எழுதலியேம்மா?" அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் போனை வைத்துவிட்டு லேப்டாப்பை இழுத்தாள்.

எழுதி, அனுப்பாமல் விட்டதையும் அந்த ஆப் சேர்த்து வைத்திருக்கும். அது ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் திறந்து பார்த்ததில்லை, எண்ணிக்கையை மட்டும்தான் பார்ப்பார்கள். பூமிகா திறந்தாள். தன் தெருவைப் போட்டு, 'கதவு' என்று தேடினாள். ஒன்பது பேர். இருபத்து மூன்று தடவை.

திலகவதி மூன்று தடவை எழுதியிருந்தாள். முதல் தடவை: "14 நெம்பர் வண்டி பின்னாடி கதவு கவுறு கட்டி ஓட்றாங்க பொம்பளைங்க எல்லாம் அங்கதான் நிக்கிறோம் பயமா கீது யாராவது கேளுங்க." எட்டு நாள் கழித்து: "வண்டி கதவு சரி இல்ல கேளுங்க." விழுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரே வார்த்தைதான். "கதவு".

மூன்றுக்கும் பக்கத்தில் ஆப் குறித்து வைத்திருந்தது: அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம். பூமிகா லேப்டாப்பை மூடிவிட்டு பாத்ரூமில் போய் நின்றாள். முகத்தைக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வசந்தகுமாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. உச்சுக்கொட்டினார், "பாவம்மா" என்றார். "ஆனா நாம யாரையும் தடுக்கலியே? பட்டன் பச்சையாத்தானே இருந்திச்சு? அவங்க அமுக்கலன்னா நாம இன்னா பண்றது?" என்றார். அந்தத் திரையைக் காட்டிய அன்று அவள் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். வெள்ளிக்கிழமை பூமிகா யாரையும் கேட்காமல் அந்த நாலு முகத்தை எடுத்துவிட்டாள். சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால் திரும்ப இருந்தது, வசந்தகுமாரே போட்டிருந்தார். அவள் எதிர்த்துக் கேட்டிருக்கலாம். ஆபீசில் மற்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். பூவம்மாள் பெற்ற பெண்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்து, அம்மா கொடுத்த ஆறு முட்டையைப் பையில் போட்டுக்கொண்டு திலகவதி வீட்டுக்குப் போனாள். எதற்குப் போனாள்? பார்க்கத்தான். சொல்வதா வேண்டாமா என்று தெருமுனை பைப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள், இரண்டு தரம்.

திலகவதி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து, முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பூமிகாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்து, "ஐயோ" என்று பல்லைக் கடித்தாள். அந்த வலியிலும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வாம்மா, வா. ஏங்க, அந்தச் சேரைத் தொடச்சிப் போடுங்க" என்றாள். தேசப்பன் துண்டால் துடைத்துப் போட்டுவிட்டு மருந்து வாங்கக் கிளம்பினார்.

"எப்பக்கா நடக்க முடியும்?"

"ஒரு வருசம்ன்றாங்க. கம்பெனியில அதுக்குள்ள வேற ஆள் போட்டுருவாங்க. போட்டுட்டாங்கன்னே வெச்சிக்கோ." திலகவதி சிரிக்கப் பார்த்தாள். "எல்லாம் என் தப்புதான். எழுதிப் போட்டிருக்கணும். எழுதவும் எழுதினேன். உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா, மூணு தபா எழுதினேன். அனுப்பசொல்ல நாலு மூஞ்சி வருதும்மா அதுல. கோவிந்தம்மா, அந்த ரங்கசாமி, சோனியா. அப்புறம் நீ."

பூமிகா நிமிர்ந்தாள். "நானா?"

"நீதான். எப்பவும் கடைசியா நீ வருவே. அழகா சிரிச்சிக்கினு." திலகவதி விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "மத்த மூணு பேர் கெடக்குறாங்க, வாய்க்கு வாய் திருப்பிக் குடுப்பேன். உன்னைப் பாத்தாதான் கூச்சமா பூடும். படிச்ச பொண்ணு. நான் தப்பும் தவறுமா எழுதினதைப் பாத்து, இது கூடத் தெரியலியேன்னு நெனச்சிக்குவியோன்னு. ரெண்டாவது தபா சின்னதா எழுதினேன். அதுலயும் தப்பு இருக்குமோன்னு உட்டுட்டேன்."

சொந்தத் தெருவின் பேரிலேயே சேர்ந்து, ஒரு நாளைக்கு ஐம்பது தடவை அந்த ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பவள் பூமிகாதான். தெருவில் அவளைவிட அதிகமாக வேறு யார் திறந்திருக்கப் போகிறார்கள்? இவ்வளவு பெரிய புத்திசாலிக்கு அது மட்டும் தோன்றவில்லை. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது. முட்டைப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா," என்றாள். "அந்த நாலு மூஞ்சி தானா வரலக்கா. அத்த வெச்சது நான். அதான் என் வேலை. நீங்க எழுதாம உட்டுட்டுப் போவணும்னுதான் வெச்சேன்."

திலகவதி விரிப்பை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் நீ படிச்சியா?" என்று கேட்டாள்.

"நீங்க வுழுந்த அப்புறம்தான்க்கா. அதுக்கு முன்ன எத்தினி பேருன்னு மட்டும்தான் பாப்பேன்."

"எத்தினி பேரு?"

"நம்ம தெருவுல அந்தக் கதவைப் பத்தி ஒம்போது பேர் எழுதியிருந்தாங்க. யாருமே அனுப்பல."

"ஒம்போது பேரா?" திலகவதியின் குரல் ஏறியது. "ஆப்புல ஒருத்தரும் ஒண்ணும் போடல, அப்ப எல்லாருக்கும் சரியாத்தான் கீது, நான் ஒருத்திதான் பயந்து சாவுறேன்னு நெனச்சிக்கினு இருந்தேனே! வண்டியில வாயைத் தொறந்தா முன்னாடி நிக்கிற சூப்பர்வைசரு எறக்கி உட்டுருவான். ஆப்புலதானே பேச முடியும்?" கையை ஊன்றிக்கொண்டு வாசல் பக்கம் கத்தினாள். "ஏய் கோவிந்தம்மா! இங்க வா!"

அதே பதினாலாம் நெம்பர் வண்டியில் வேலைக்குப் போகிற கோவிந்தம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள், என்னவோ ஏதோ என்று. திலகவதி எடுத்த எடுப்பில், "நீ அந்தக் கதவைப் பத்தி எழுதினியாடி?" என்றாள்.

கோவிந்தம்மா பூமிகாவைப் பார்த்தாள், திலகவதியைப் பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி ஆனாள். "ரெண்டு தபா. அனுப்பல. உன் மூஞ்சி வந்திச்சு, இந்தப் பொண்ணு மூஞ்சி வந்திச்சு. நீ தைரியமா நிக்கிற எடத்துல நான் மட்டும் பயந்துகினு கீறேன்னு சிரிப்பீங்கன்னு..."

"தைரியமா? அடிப் பாவி! நான் அந்தக் கவுத்தைப் புடிச்சிக்கினு நடுங்கிக்கினு நிப்பேன். நீ என் முந்தானையைப் புடிச்சிக்கினு நிப்பே. ஒரு வார்த்த பேசிக்கலியேடி நாம!" திலகவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பில் கால் அசைந்து, வலி ஏறி, அது அழுகையாகிவிட்டது. கோவிந்தம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

பூமிகா திட்டுக்காகக் காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டிவிட்டால் எழுந்து போய்விடலாம். திலகவதி திட்டவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மீதி ஏழு பேரு யாரு?" என்று கேட்டாள்.

பூமிகா பேர் சொன்னாள். எல்லாப் பேரும் மனப்பாடமாக இருந்தது.

"போய்க் கூட்டிக்கினு வா. இன்னிக்கே எல்லாம் சேந்து அந்த கான்ட்ராக்டர் ஊட்டுக்குப் போவட்டும். அந்த வண்டி நாளைக்கும் அதே கவுத்தைக் கட்டிக்கினு வரும்."

"போன் பண்ணிடட்டுமாக்கா?"

"போனா?" திலகவதி அவளை நேராகப் பார்த்தாள். அந்தத் தெருவில் யாரும் பூமிகாவை அப்படிப் பார்த்ததில்லை. "எந்த மூஞ்சியைப் பாத்து அவங்க வேணாம்னு உட்டுட்டுப் போனாங்களோ, அந்த மூஞ்சியோடவே போய் நில்லு. என்கிட்ட சொன்னதை அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு. சொல்லிட்டுக் கூட்டிக்கினு வா."

பூமிகா முட்டைப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயில் ஏறியிருந்தது. அந்த ஏழு பேரில் முதல் வீடு சோனியாவுடையது. கதவைத் தட்டினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, குக்கர் விசிலடித்தது. தன் ஊரில், தான் பிறந்த தெருவில், ஒரு கதவுக்கு முன் நிற்க அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

சோனியா கதவைத் திறந்தாள். பூமிகாவைக் கண்டதும் பதறிப்போய் நைட்டி மேல் கிடந்த துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள், கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டாள். "ஐயோ, நீயாம்மா? ஊடெல்லாம் அலங்கோலமா கீது, தப்பா நெனச்சிக்காதே" என்றாள்.

பூமிகா தலைகுனிந்து வாசலிலேயே நின்றாள்.